பழைய பிரீலான்ஸ் ஸ்ட்ரிப்களைப் புத்தகமாக்கும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி இது: "ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டம். வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கிளையன்ட்களுக்கு டிசைன் வேலை செய்கிறேன். 2020 கடைசியிலிருந்து 2022 முடியும்வரை அந்த வாழ்க்கையைப் பற்றி நான்கு கட்டக் கார்ட்டூன் ஸ்ட்ரிப் 64 வரைந்தேன். பாதி கோடு போட்ட சீ.ஆர். கொப்பியில், மீதி டேப்லட்டில். இப்போது எடுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. எல்லாவற்றையும் திரும்ப வரைந்து ஒரு சிறு புத்தகமாகப் போடலாமா, இல்லை அப்படியே கிடக்க விடலாமா?" மாதிரிக்கு ஆறு ஸ்ட்ரிப்பின் படமும் வந்திருக்கிறது.

புத்தகமாகப் போடுங்கள். திரும்ப வரையாதீர்கள். திருத்த வேண்டியது பலூனுக்குள் இருக்கும் எழுத்து. அதைச் சரி செய்தாலே கூச்சத்தில் முக்கால்வாசி போய்விடும்.

இத்தனை வருடம் பழகிய கைக்கு மூக்கும் விரலும் இப்போது சரியாக விழும். அந்தக் கையால் பழைய பகிடியை வரைந்தால் படம் தேறிவிடும், பகிடி மட்டும் பழைய வயதிலேயே நிற்கும். பார்ப்பவருக்கு எங்கோ இடிக்கும். பீநட்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் ஸ்ட்ரிப் 1950 ஒக்டோபர் 2இல் தொடங்கியபோது ஸ்னூப்பி நான்கு காலில் நடக்கும் சாதாரண நாய்க்குட்டி. அதன் நாயகன் சார்லி பிரவுனின் சட்டையில் அந்த நெளிகோடு விழவே டிசம்பர் ஆகிவிட்டது. 2004இலிருந்து அதை வரிசைப்படி தொகுத்தபோது 1950இன் முகங்கள் அப்படியே உள்ளே போயின. பாத்திரம் மெல்ல உருமாறுவதைப் பார்ப்பதுதான் அந்த முதல் தொகுதியின் ருசி. உங்கள் ஸ்ட்ரிப்பில் வரும் மகன் பாத்திரத்தையே பாருங்கள்: 2020 மகனுக்குக் கழுத்தே இல்லை, 2022 மகனுக்குக் கழுத்து முளைத்திருக்கிறது. இருக்கட்டும். வாசகர் அதைப் பார்த்து ரசிப்பார்.

இனி, நீங்கள் மூன்றாவதாக அனுப்பிய ஸ்ட்ரிப். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், மற்றவற்றின் நோயும் அதே நோய்தான். (தோட்டத்தில் முழுப்பேர் என்றால் முழு நாட்சம்பளம், அரைப்பேர் என்றால் அதில் பாதி.)

முதல் கட்டத்தில் கொழுந்து மலையிலிருந்து வந்த அம்மா, இடுப்பில் சுற்றிய படங்குத் துணியை அவிழ்த்துக்கொண்டே இஸ்தோப்பில், அதாவது வீட்டு விறாந்தையில், நின்று கேட்கிறார்: "என்னா தம்பி, ராத்திரி பூரா முழிச்சிருந்தியே, முழுப்பேரா?" இரண்டாவதில் லெப்டொப்புக்கு மேலே தலை மட்டும் தெரியும் மகன்: "பதினோரு தடவ லோகோ மாத்துனேன். பாதிக் காசுதான் போட்டான்." மூன்றாவதில் அம்மா: "அப்ப அரப்பேருன்னு சொல்லு." நான்காவதில் மகன் நம்மைத் திரும்பிப் பார்த்து, "ஆமாம், பிரீலான்ஸ் வாழ்க்கையும் தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை போலத்தான், எவ்வளவு உழைத்தாலும் உரிய ஊதியம் கிடைப்பதில்லை!" என்கிறான்.

மூன்றாவது கட்டத்திலேயே கதை முடிந்துவிட்டது. நான்காவது, சிரித்து முடித்தவரைப் பிடித்து உட்காரவைத்து அர்த்தம் சொல்கிறது. போதாததற்கு அந்த வசனம் மட்டும் மேடைத் தமிழில் இருக்கிறது. மூன்று கட்டம் லயத்துத் தமிழில் பேசிய வீட்டில் திடீரென்று யார் வந்து இப்படிப் பேசுகிறார்கள் என்று தோன்றும். ஆரம்பகால ஸ்ட்ரிப் வரைபவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. பகிடி புரியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: நான்காவது கட்டத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். பகிடி அப்படியே நின்றால் நான்காவதில் இருப்பது விளக்கவுரை. நீங்கள் அனுப்பிய ஆறில் நான்கு இந்தச் சோதனையில் மாட்டுகின்றன.

அதற்காக நான்காவது கட்டத்தையே வெட்டிவிட வேண்டாம். படத்தைக் கூர்ந்து பாருங்கள். அம்மாவின் இரண்டு கையிலும் இரண்டு கோப்பை தேத்தண்ணி வரைந்திருக்கிறீர்கள். அவர் முதுகு வளைந்திருக்கிறது, கொழுந்துப் பாரம் சுமந்த வளைவு. மகனின் முதுகும் அதே கோணத்தில் வளைந்திருக்கிறது, லெப்டொப் வளைவு. நீங்கள் வசனமாக எழுதியதைக் கை ஏற்கெனவே படமாகப் போட்டுவிட்டது. பலூன்தான் ஒரு கோப்பையில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பலூனை எடுத்துவிட்டு அந்தக் கோப்பையின் மறைந்த பாதியை நிரப்புங்கள். மகனின் திறந்த வாயை ஒரு கோட்டால் மூடுங்கள். பேச்சில்லாத கட்டம். இவ்வளவுதான் வேலை. படத்தில் கை வைக்க நான் சம்மதிக்கும் இடம் இது மாதிரி ஒட்டுப்போடுவது மட்டும்.

மூன்றாவது கட்ட வசனத்திலும் ஒரு சொல் குறையலாம்: "அப்ப அரப்பேரு." கடைசிச் சொல்லில் பகிடி விழ வேண்டும். "ன்னு சொல்லு" அதை ஒரு அடி பின்னால் இழுக்கிறது.

அரைப்பேர் என்ற சொல் இந்தப் புத்தகத்தின் முதுகெலும்பு என்பது என் எண்ணம். கொழுந்து கிலோக் கணக்கு எட்டாத நாளில் விழும் பாதிச் சம்பளத்துக்குத் தோட்டத்தில் இருக்கும் பெயர் அது. பிரீலான்ஸ் வேலையில் நடக்கிற அத்தனைக்கும் மலையகத்தில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்குச் செய்து உடனே பணம் வாங்கும் சின்ன வேலை கைக்காசு. காலையில் எழுந்தவுடன் ஐந்து கிளையன்ட்டின் மெசேஜைப் பார்த்து இன்று எந்த மலை என்று முடிவாவது பெரட்டு, தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதற்கு உள்ள பெயர். நடுவில் நின்று கமிஷன் எடுக்கும் தளம் கங்காணி. அமெரிக்காக்காரனிடம் தீபாவளி அட்வான்ஸ் கேட்கும் உங்கள் ஐந்தாவது ஸ்ட்ரிப் ஆறிலும் சிறந்தது. அதில் ஒரு எழுத்தையும் தொடாதீர்கள்.

மாறாக, பைஜாமாவோடு வேலை செய்வது, கீபோர்டில் பூனை படுப்பது, "பணம் இல்லை, ஆனால் உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்று கிளையன்ட் சொல்வது: இவையெல்லாம் எந்த ஊர்க்காரரும் வரைந்த பகிடிகள். 64இலும் இந்த வகையைத் தனியாகப் பிரித்து வையுங்கள். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்தான் இருக்கும், அப்போது வெளிநாட்டு ஸ்ட்ரிப்களைப் பார்த்துப் பழகிய கை அதையே வரையும். அவற்றில் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விடலாம்.

எண்களைச் சரிபாருங்கள், ஏனெனில் சில ஸ்ட்ரிப்பின் பகிடியே எண்ணில்தான் இருக்கிறது. உதாரணம், பைவர் (Fiverr) என்ற இணையத் தளத்தில் 5 டொலருக்கு லோகோ செய்யும் ஸ்ட்ரிப். 2021இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அதே வருடம் மார்ச்சில் தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. ஆக 5 டொலர் என்பது கணக்குப்படி ஒரு முழுப்பேர். தளம் 20 சதவீதத்தை எடுத்தபின் கையில் வருவது 4 டொலர், அதாவது 800 ரூபா. அம்மாவின் பேருக்கு 200 ரூபா குறைவு. நீங்கள் இந்தக் கணக்கைப் போடாமல் "ரொம்பக் கொஞ்சம்" என்று எழுதி நல்ல பகிடியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். பலூனில் "எட்நூறு" என்று மட்டும் போடுங்கள், தோட்டத்து வாசகர் மீதிக் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார்.

நேரமும் அப்படித்தான். இரண்டாவது ஸ்ட்ரிப்பில் இங்கே சுவர்க் கடிகாரம் நள்ளிரவு 12, அங்கே நியூயோர்க் கிளையன்ட் "குட் மோர்னிங்" சொல்கிறார். நியூயோர்க்கில் காலை 9 என்றால் நமக்கு மாலை 6.30, அவர்கள் குளிர்கால நேரத்துக்கு மாறிய மாதங்களில் 7.30. நள்ளிரவில் அங்கே பிற்பகல். ஆகவே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து "ஒரு சின்ன மாற்றம்" என்று அவர் சொன்னால்தான் நள்ளிரவு பொருந்தும். உண்மையில் அது இன்னும் நல்ல பகிடி. காலை வணக்கமே வேண்டுமென்றால் கிளையன்ட்டை சிட்னிக்கு அனுப்புங்கள்: அங்கே காலை 9 மணிக்கு இங்கே விடிகாலை 4.30, அவர்கள் கோடைகாலத்தில் 3.30.

ஒவ்வொரு ஸ்ட்ரிப்பின் கீழும் மாதமும் வருடமும் போடுங்கள். கட்டாயம். மின்வெட்டு ஸ்ட்ரிப்பில் மகன் பெட்டரி தீரப் போகிறது என்று பதறுகிறான். திகதி இல்லாவிட்டால் இது எந்த நாட்டிலும் நடக்கும் சாதாரண கரண்ட் கட். "2022 மார்ச்" என்று அடியில் இருந்தால், அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனது வாசகருக்கு நினைவு வரும். டொலர் ஸ்ட்ரிப்பும் அதே. 2022 மார்ச் தொடக்கத்தில் 100 டொலருக்கு 20,000 ரூபா சுற்று வட்டாரம். மே மாதம் நடுவில் சுமார் 36,000. காசு கூடியதென்று மகன் துள்ளுகிறான், கோதுமை மாவின் விலையைக் கேட்டு அம்மா அமைதியாக நிற்கிறார். திகதி இருந்தால் வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது. எந்த மாதம் என்று மறந்துபோயிருந்தால் டேப்லட் பைலின் விபரத்தில் உருவாக்கிய நாள் இருக்கும். கொப்பிப் பக்கங்களுக்கு அந்தக் காலத்தில் போனில் எடுத்த படத்தின் திகதியைப் பாருங்கள்.

மொழி விஷயத்தில் ஒரே பிடிவாதமாக இருங்கள்: பாத்திரம் எப்படிப் பேசுமோ அப்படி. 1960களில் சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கிய கார்ட்டூனிஸ்ட் சுந்தர், தன் பாத்திரமான சவாரித் தம்பரை யாழ்ப்பாணப் பேச்சிலேயே பேசவிட்டார். வெளியூர்க்காரருக்குப் புரியுமா என்று தயங்கியிருந்தால் தம்பர் பத்தோடு பதினொன்றாகப் போயிருப்பார். காம்பரா, பீலி, குசினி, படங்கு போன்ற தோட்டத்துச் சொல் எதற்கும் அடிக்குறிப்பு வேண்டாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பத்துப் பதினைந்து சொல்லுக்குச் சிறிய பட்டியல் போட்டால் போதும்.

இப்போது எழுத்தின் உடல்வாகு. தமிழில் ஸ்ட்ரிப் வரைபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆங்கிலக் கார்ட்டூனில் எல்லாமே பெரிய எழுத்து. மேலே நீட்டாது, கீழே இறங்காது. அதனால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். அந்தப் பலூனைப் பார்த்துப் பழகிய கண் தமிழையும் அப்படியே நெருக்குகிறது. ஆனால் தமிழில் கி, மீ மேலே கொம்பு நீட்டும். கு, ரூ, ழு கீழே வால் விடும். மேல் வரியின் "ரூ"வும் கீழ் வரியின் "மீ"யும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு வரி இடைவெளி விடுங்கள். 1.4க்குக் கீழே போகவே வேண்டாம்.

இடத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏ5 பக்கம் 148 மில்லிமீற்றர் அகலம். தையல் பக்கம் 14, வெளிப்பக்கம் 10 விட்டால் மிஞ்சுவது 124. இரண்டுக்கு இரண்டாகக் கட்டம் போட்டு நடுவில் 4 விட்டால் ஒரு கட்டம் 60. பலூனின் ஓரத்தைக் கழித்தால் எழுத்துக்கு 50 மில்லிமீற்றர். 9.5 புள்ளி (பொயின்ட்) எழுத்தளவில் ஒரு வரிக்குப் பதினைந்து எழுத்துச் சொச்சம், அதாவது இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. நான்கு வரி அடுக்கினால் கட்டத்தின் மேல்பாதி போய்விடும். ஆகவே ஒரு கட்டத்துக்குப் பத்துச் சொல் உச்சவரம்பு. உங்கள் ஆறாவது ஸ்ட்ரிப்பின் முதல் கட்டத்தில் 31 சொல் இருக்கிறது! அதைச் சுருக்கும்போது முதலில் விழ வேண்டியவை "ஆனால்", "அதனால்தான்", "என்று நினைக்கிறேன்" போன்றவை. பிறகு படத்தில் தெரிவதைச் சொல்லும் சொற்கள்: மழை பெய்வது தெரியும்போது "இந்த மழையில" எதற்கு?

வரி உடையும் இடத்தை மென்பொருளிடம் விடாதீர்கள். "வந்துட்டா" ஒரு வரியிலும் "ன்" அடுத்த வரியிலும் விழுந்தால் வாசிப்பு தடுக்கும். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது. சொல் மிக நீளமென்றால் "மாத்திக்கிட்டே / இருக்கான்" என்று பேச்சில் மூச்சு விடும் இடத்தில் உடையுங்கள்.

டேப்லட் ஸ்ட்ரிப்களில் சிலவற்றைப் பாமினியில் எழுதியிருப்பதாகத் தெரிகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும், அச்சகத்தில் அதுவே நடக்கும். எல்லா வசனத்தையும் யூனிகோடுக்கு மாற்றித் தனிப் பைலில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் ஸ்ரீ, ஜ, ஒகர ஓகாரங்களைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள், பிழை அங்கேதான் வரும். பழைய போட்டோஷொப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வரி அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் "கெ" உடைந்து கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம் நிற்கும். இன்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை, இலவசமும்கூட. எழுத்துருவுக்குப் பலூ தம்பி (Baloo Thambi), கவிவாணர் (Kavivanar) இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை, அச்சிடவும் உரிமம் உண்டு. பலூ தம்பி கொழுத்த எழுத்து, கத்தும் வசனத்துக்குப் பொருந்தும். கவிவாணர் சாய்ந்த கையெழுத்துப் போல இருக்கும், ஆனால் 9 புள்ளிக்குக் கீழே மெலிந்துவிடும். என்னைக் கேட்டால், 64இலிருந்து புத்தகத்துக்கு எடுக்கப்போகும் 40 ஸ்ட்ரிப்புக்கும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். கோடும் எழுத்தும் ஒரே பேனாவில் வந்ததுபோல் இருப்பதற்கு ஈடு இல்லை. தனித் தாளில் ஒன்றரை மடங்கு பெரிதாக எழுதி, ஸ்கேன் செய்து, சுருக்கிப் பலூனில் வையுங்கள். வசனம் சுருங்கியதால் பலூனில் வெற்றிடம் மிஞ்சும். மிஞ்சட்டும், பலூனைச் சின்னதாக்கப் போனால் பின்னணியில் ஓட்டை விழும்.

கொப்பிப் பக்கங்களை ஸ்கேன் செய்ய 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கலரில். கறுப்பு வெள்ளைக் கோட்டுக்குக் கலர் எதற்கு என்றால், சீ.ஆர். கொப்பியின் நீலக் கோட்டை நீக்கத்தான். படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சனலாகப் பிரித்தால், நீலச் சனலில் நீலக் கோடு வெளிறி மறைந்துவிடும், கறுப்பு மை அப்படியே நிற்கும். சிவப்பு ஓரக்கோடு சிவப்புச் சனலில் மறையும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலடுக்கை 'லைட்டன்' முறையில் போட்டால் இரண்டு கோடும் ஒன்றாகப் போகும். நீலப் பேனாவால் வரைந்த பக்கங்களில் இந்த வித்தை பலிக்காது. அங்கே சிவப்புச் சனலை எடுத்தால் நீலக் கோடு கறுப்பாக வரும், கொப்பிக் கோடும் கூடவே வரும், அதைக் கையால்தான் அழிக்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் போனில் எடுப்பதென்றால் வெயில் நேராக விழாத ஜன்னலோரம், போன் தாளுக்குச் சமாந்தரமாக. ஸ்கேன் செயலிகள் தாமாகப் போடும் கறுப்பு வெள்ளை வடிகட்டியை நிறுத்திவிடுங்கள். அது மெல்லிய கோட்டைத் தின்றுவிடும்.

டேப்லட் ஸ்ட்ரிப்களுக்கு மூலப் பைல் இருந்தால் அதிலிருந்து மறுபடி எடுங்கள். பதிவேற்றிய 1,080 பிக்சல் படம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், 124 மில்லிமீற்றர் அகலத்தில் அது 221 டிபிஐதான். போட்டோவுக்கு அது தேறலாம், கறுப்புக் கோட்டுக்குப் படிக்கட்டுப் பல் தெரியும். 2,930 பிக்சலுக்குப் பெரிதாக்கி, லேசாக மங்கலாக்கி, பிறகு கறுப்பு வெள்ளை எல்லையை இறுக்குங்கள். பல் மழுங்கிவிடும். தானாகக் கோட்டை வெக்டராக்கும் வசதியைத் தொடாதீர்கள். அது உங்கள் கைநடுக்கத்தைச் சலவை செய்து எல்லாக் கோட்டையும் ரப்பர் குழாய் போல் ஆக்கிவிடும்.

கொப்பி ஸ்ட்ரிப்கள் வெவ்வேறு அளவில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பக்கத்துக்குப் பொருந்த இழுத்தால் ஒரு பக்கத்தில் கோடு தடிப்பு, அடுத்த பக்கத்தில் மெலிவு. எல்லாவற்றுக்கும் ஒரே சுருக்க விகிதம் வைத்து, மிஞ்சும் வெற்றிடத்தை அப்படியே விடுங்கள். கட்டங்கள் நான்கும் ஒரே அளவாக இருப்பது உங்களுக்கு வாய்ப்பு. பீநட்ஸும் சமமான நான்கு கட்டத்தோடுதான் தொடங்கியது, பத்திரிகை ஆசிரியர் விரும்பியபடி கிடையாகவோ, நிலையாகவோ, சதுரமாகவோ அடுக்கலாம் என்பதற்காக. நீங்களும் அதே பைலைப் புத்தகத்துக்கு இரண்டுக்கு இரண்டாகவும் போனுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாகவும் அடுக்கலாம்.

மூடுபனியைச் சாம்பல் நிறத்தில் நிரப்பியிருக்கும் ஸ்ட்ரிப்களைப் பற்றி ஒரு வார்த்தை, இங்கே மட்டும் விதிவிலக்காகப் படத்தைத் தொடலாம். மலிவு அச்சில் அந்தச் சாம்பல் அழுக்குப் போல வரும். பனி என்பது வரையாமல் விட்ட இடம். சாம்பல் அடுக்கை நீக்கிவிட்டு, தூரத்து மலைக் கோட்டை அங்கங்கே அறுத்துவிடுங்கள். தேயிலைத் தூரை உருண்டையாக வரைந்ததை மாற்ற வேண்டியதில்லை, அடுத்த ஸ்ட்ரிப்பில் பார்த்துக்கொள்ளலாம்: மேற்புறம் மேசைபோல் தட்டை, வரிசை மலையின் வளைவோடு போகும்.

கிளையன்ட்கள் விஷயத்தில் கவனம். இரகசியம் காப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அந்த வேலையின் லோகோ, நிறம், நாடு மூன்றையும் மாற்றுங்கள். கிளையன்ட்டோடு நடந்த உண்மையான சட் உரையாடலின் படத்தை ஒருபோதும் ஒட்டாதீர்கள், வசனத்தை நீங்களே எழுதுங்கள். இரண்டு கிளையன்ட்டை ஒருவராக உருக்கினால் ஒருவரும் தன்னைக் கண்டுபிடிக்க மாட்டார். ஸ்ட்ரிப்கள் உங்கள் சொந்தப் படைப்பு என்பதால் பதிப்புரிமைக்குத் தனிப் பதிவு எதுவும் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் அது உங்களுடையது.

64இலிருந்து 40 எடுக்க, எல்லாவற்றையும் சின்னதாக அச்சிட்டு இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் தோட்டத்தை அறிந்தவர், பிரீலான்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர். மற்றவர் கொழும்பிலோ வேறெங்கோ பிரீலான்ஸ் வேலை செய்பவர், தோட்டம் தெரியாதவர். சிரித்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள், கருத்துக் கேட்காதீர்கள். இரண்டு பேரும் புள்ளி வைத்தவை நிச்சயம் உள்ளே. தோட்டத்துக்காரர் மட்டும் வைத்தவையும் உள்ளே. பிரீலான்ஸ்காரர் மட்டும் வைத்தவற்றில்தான் பைஜாமாப் பகிடிகள் ஒளிந்திருக்கும். வரிசையைத் திகதிப்படியே விடுங்கள்.

நடுவில் கம்பிப் பின் அடித்த புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். தலைப்பு, பதிப்பு விபரம், முன்னுரை, 40 ஸ்ட்ரிப், சொற்பட்டியல்: 44, சரியாக 11 தாள். உள்தாள் 100 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 100 கிராம்). 80 போட்டால் மலிவு, ஆனால் கறுப்பு நிரப்பிய கட்டங்கள் மறுபக்கம் தெரியும். அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்ட். கோடுகள் தனிக் கறுப்பு மையில் மட்டும் போகட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாகப் பைல் போனால், தட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். மடிக்கும்போது நடுத்தாள்கள் ஒன்று இரண்டு மில்லிமீற்றர் வெளியே தள்ளி வெட்டுப்படும், ஆகவே திகதியை ஓரத்தில் ஒட்டிப் போடாமல் 8 மில்லிமீற்றராவது உள்ளே வையுங்கள். 300 பிரதிக்குக் கீழே பொதுவாக டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும், அதற்கு மேல் ஓப்செட்டுக்கும் விலை கேளுங்கள். எதுவானாலும் முதலில் ஒரு பிரதி மட்டும் அடித்து வாங்கிப் பாருங்கள். திரையில் பார்த்த 9.5 புள்ளியும் தாளில் படிக்கும் 9.5 புள்ளியும் ஒன்றல்ல. கடைகளிலும் நூலகங்களிலும் வைக்க ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் வேண்டும். கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை அதை வழங்குகிறது. அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக மூலப் பக்கங்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டின் மூலையில் பழுப்புப் புள்ளி தெரிகிறது. அது பூஞ்சணம். துடைக்கப் போகாதீர்கள், ஈரத்துணி பட்டால் மார்க்கர் மை கலையும். முதலில் ஸ்கேன், அதன்பிறகே மற்றதெல்லாம். கொப்பியை அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தால் தாள் அலையடித்துப் புகை ஏறும். உங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று வறண்டிருக்கும், டிம்புளைத் தேயிலைக்கு நல்ல ருசி ஏறுகிற அதே பருவம். அந்த நாட்களில் நிழலில் விரித்து உலர்த்துங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கமென்றால் ஜூலையும் ஆகஸ்டும். உலர்ந்தபின் கொப்பியில் கம்பிப் பின் இருந்தால் கழற்றுங்கள், மலைநாட்டு ஈரத்தில் அது துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். பக்கங்களுக்கிடையே வெள்ளைத் தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் படுக்கையாக வையுங்கள். லமினேட் செய்யாதீர்கள், உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வராது. புத்தகத்துக்கு அடிக்கும் பின்னுக்கும் இதே துருப் பிரச்சினை உண்டு. துருப்பிடிக்காத பின் இருக்கிறதா என்று அச்சகத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் 44 பக்கத்தை நூலால் மூன்று துளைத் தையல் போடச் சொல்லலாம், வீட்டிலேயே தடித்த ஊசியால் போடவும் முடியும்.